தராசு யார் கையில்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆலங்காயத்தில் எங்கள் வாசிப்பு வட்டம் கூடியது. அன்றைக்கு எடுத்துக்கொண்டது அண்ணல் 1936இல் எழுதிய 'சாதி ஒழிப்பு'. கூடத்துக்குள் பாயில் ஆண்கள் பதினெட்டு பேர். வெளித் தாழ்வாரத்தில், அடுப்புப் பக்கம், பெண்கள் ஆறு பேர். அந்த ஆறு பேரில் இரண்டு பேர் கல்லூரியில் படிக்கிறவர்கள். கூட்டம் முடியப்போகிற நேரத்தில் அதில் ஒரு பெண் கையில் கரண்டியோடு வாசலில் வந்து நின்று கேட்டாள்:

"அண்ணா, பொம்பளைங்களுக்கு ஆம்பளைங்கள விட அறிவு கம்மி, அது சயின்ஸுன்னு எங்க கிளாஸ்ல ஒரு பையன் சொல்றான். அவனுக்கு இன்னா பதில் சொல்றது?"

மூத்த தோழர் ஒருவர் பதில் சொன்னார். நல்ல மனிதர். காவல் நிலையத்தில் அடி வாங்கியவர். "தாழ்வுன்னு சொல்லக்கூடாதும்மா. வேறுபாடு இருக்கு. ஆம்பள மூளை எடை கொஞ்சம் அதிகம், அது விஞ்ஞானம். பொம்பளைக்கு உணர்ச்சி அதிகம், அதுவும் விஞ்ஞானம். ஒவ்வொருத்தருக்கு ஒரு வேலை. ரெண்டும் சேந்தாதான் சமூகம்" என்றார். பதினேழு தலைகள் ஆடின. அதில் என் தலையும் ஒன்று.

அந்தப் பெண் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்த் தக்காளிச் சோறு பரிமாற ஆரம்பித்தாள். நாங்கள் சாப்பிட்டோம். வீட்டுக்கு வந்து அன்றைக்கு வாசித்த நூலைத் திரும்பவும் புரட்டியபோதுதான் சுருக்கென்றது. 'தாழ்வு இல்லை, வேறுபாடுதான். ஒவ்வொருவருக்கு ஒரு வேலை. எல்லாம் சேர்ந்தால்தான் சமூகம்.' இதை யார் சொன்னது? வர்ணாசிரமத்துக்கு வக்காலத்து வாங்கியவர்கள் எல்லாரும் சொன்னது இதைத்தானே? சாதி என்பது தொழில் பிரிவினை அல்ல, தொழிலாளர்களைப் பிரித்து வைப்பது என்று அண்ணல் அதே நூலில் அவர்கள் முகத்தில் அறைகிற மாதிரி பதில் சொல்லியிருக்கிறாரே? காலையில் அந்தப் பதிலைக் கைதட்டிப் படித்தோம். மதியம் அவர்களுடைய வசனத்தை நம் வாயால் நம் பெண்ணுக்குச் சொல்லிவிட்டுச் சோறு தின்றோம்.

அன்றைக்கு வாய் திறக்காமல் இருந்ததற்காக இதை எழுதுகிறேன். அந்தப் பெண்ணுக்குச் சேர வேண்டிய பதில் இது. அவள் வகுப்புப் பையனைவிட, தலையாட்டிய நம்மோடுதான் இதில் எனக்குச் சண்டை.

*

முதலில் அந்த எடைக் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

பிரான்சில் பால் புரோக்கா என்று ஒரு மருத்துவர். பத்தொன்பதாம் நூற்றாண்டுக்காரர். பாரிஸ் மருத்துவமனைகளில் செத்தவர்களின் மூளைகளை எடுத்து நிறுத்துப் பார்த்தார். பெண் மூளையின் சராசரி எடை குறைவாக வந்தது. பெண்ணின் உடம்பே சிறியது, அதனால் மூளையும் சிறியதாக இருக்கும் என்பது அவருக்கும் தெரியும். இருந்தாலும், பெண்ணுக்குப் பொதுவாக அறிவு கொஞ்சம் குறைவு என்பதையும் மறக்கக்கூடாது, எடைக் குறைவில் ஒரு பங்கு அதனால்தான் என்று 1861இல் சொன்னார். எதை நிரூபிக்க வேண்டுமோ அதையே ஆதாரமாக வைத்துக்கொண்டார். கள்ளத்தராசுக்காரன் எடைக்கல்லின் அடியில் விரலை வைக்கிற வேலை இது. அவர் வழியில் வந்த குஸ்தாவ் லெ போன் 1879இல் இன்னும் ஒரு படி மேலே போய், பல பெண்களின் மூளை ஆணின் மூளையைவிடக் கொரில்லாவின் மூளைக்குத்தான் நெருக்கம் என்று எழுதினார். பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான கல்வி கொடுப்பது ஆபத்து என்பதுதான் அவர் சொல்ல வந்த விஷயம். எடை அதற்குச் சாக்கு.

எடைதான் அறிவு என்றால், ருஷ்ய எழுத்தாளர் துர்கனேவின் மூளை 2012 கிராம். 1921இல் நோபல் பரிசு வாங்கிய பிரெஞ்சு எழுத்தாளர் அனதோல் பிரான்சின் மூளை 1017 கிராம். ஐன்ஸ்டீனின் மூளை 1230 கிராம், ஆண்களின் சராசரியைவிடக் குறைவு. திமிங்கலத்தின் மூளை மனித மூளையைப் போல் பல மடங்கு. திமிங்கலம் பல்கலைக்கழகம் எதுவும் நடத்துவதாகத் தெரியவில்லை.

அதே காலத்தில் இங்கே என்ன அளந்துகொண்டிருந்தார்கள்? மூக்கை. 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஹெர்பர்ட் ரிஸ்லி, மூக்கின் அகலத்தை அளந்து சாதி வரிசை போட்டவர். மூக்கு அகலமாக அகலமாகச் சமூக மதிப்பு கீழே போகும் என்பது அவர் கண்டுபிடித்த விதி. பிரான்சில் பெண்ணின் மூளையை நிறுத்த தராசும் இந்தியாவில் நம் பாட்டன் மூக்கில் வைத்த அளவுகோலும் ஒரே பட்டறையில் செய்தவை. அண்ணல் 1948இல் தீண்டப்படாதோர் பற்றி எழுதிய நூலில் இந்த மூக்களவைக் கையில் எடுத்தார். அதே அளவுகளை மாகாணம் மாகாணமாக வைத்துப் பார்த்தால் பார்ப்பனரும் தீண்டப்படாதோரும் வேறு வேறு இனம் என்று சொல்ல வழியே இல்லை என்று காட்டினார். அவர்களின் அளவுகோலாலேயே அவர்களின் கணக்கைக் கவிழ்த்தார். அப்பேர்ப்பட்டவரின் பிள்ளைகள் என்று சொல்லிக்கொள்கிற நாம், மூக்களவு பொய் என்று ஒத்துக்கொள்கிறோம், மூளை எடை மட்டும் விஞ்ஞானம் என்கிறோம். இது எந்த ஊர் நியாயம்?

*

எடை போனது. அடுத்து வந்தது தேர்வு.

1905இல் ஆல்பிரட் பினே என்பவர் பாரிசில் முதல் நுண்ணறிவுத் தேர்வைத் தயாரித்தார். பள்ளியில் தனிக் கவனம் தேவைப்படுகிற பிள்ளைகளைக் கண்டுபிடித்து உதவத்தான் அது. மாறாத அறிவு என்று ஒன்றை அளக்கிற கருவி என்று அவர் சொல்லவில்லை. அது அமெரிக்காவுக்குப் போனதும் கதை மாறியது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் லூயிஸ் டெர்மன் 1916இல் அதைத் திருத்தி 'ஐக்யூ' என்ற எண்ணைப் பிரபலமாக்கினார். பிறப்பிலேயே வருகிற அறிவை அளப்பதாகச் சொல்லி, கருப்பர்களையும் குடியேறி வந்த ஏழைகளையும் கீழே தள்ள அந்த எண் பயன்பட்டது. முதல் உலகப் போரின்போது லட்சக்கணக்கான சிப்பாய்களுக்கு இந்த மாதிரித் தேர்வு வைத்தார்கள். அதை வைத்து இன வரிசை போட்டு 1923இல் புத்தகம் எழுதிய கார்ல் பிரிகாம், 1930இல் தன் முடிவுகளுக்கு அடித்தளமே இல்லை என்று தானே ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்டது யாருக்கு ஞாபகம் இருக்கிறது? 1994இல் 'பெல் கர்வ்' என்ற பெயரில் அதே சரக்கு திரும்பவும் சந்தைக்கு வந்தது.

இதில் நமக்கு முக்கியமான இடம் ஒன்று உண்டு. 1937இல் அந்தத் தேர்வைத் திரும்பத் திருத்தினார்கள். சில கேள்விகளில் பையன்கள் கூட வாங்கினார்கள், சிலவற்றில் பெண் பிள்ளைகள் கூட வாங்கினார்கள். அப்படி ஒரு பக்கம் ரொம்பச் சாய்ந்த கேள்விகளை எடுத்துவிட்டார்கள். ஆணும் பெண்ணும் சமமாக வரும்படி தேர்வையே சரிப்படுத்தினார்கள். கெட்ட காரியம் இல்லை. ஆனால் யோசியுங்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் வித்தியாசம் வந்தபோது 'கேள்வியில் கோளாறு' என்றவர்கள், வெள்ளைக்கும் கருப்புக்கும் வித்தியாசம் வந்தபோது 'கருப்பனிடம் கோளாறு' என்றார்கள். எந்த வித்தியாசத்தை இயற்கை என்று வைத்துக்கொள்வது, எந்த வித்தியாசத்தைத் தேர்வின் பிழை என்று தள்ளுவது என்பதைத் தராசைக் கையில் வைத்திருப்பவன் முடிவு செய்கிறான்.

அப்படியானால் இன்றைய ஆய்வுகள் என்ன சொல்கின்றன? மறைக்காமல் சொல்லிவிடலாம். பொது அறிவுத்திறன் என்று இவர்கள் அளக்கிற விஷயத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சராசரியில் பொருட்படுத்தக்கூடிய வித்தியாசம் இல்லை. சில தனித் திறன்களில் உண்டு. ஒரு பொருளை மனசுக்குள்ளேயே சுழற்றிப் பார்ப்பது போன்றதில் ஆண்களின் சராசரி கூட. சொல் சார்ந்த சில வேலைகளில் பெண்களின் சராசரி கூட. ஆனால் இரண்டு கூட்டமும் பெரும்பகுதி ஒன்றின் மேல் ஒன்று கவிந்து கிடக்கிறது. ஒரு ஆளின் மதிப்பெண்ணைப் பார்த்து அது ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது. டாஃப்னா ஜோயல் குழுவினர் 1400க்கும் மேற்பட்ட மூளைப் படங்களை ஆராய்ந்து 2015இல் வெளியிட்டதும் இதைத்தான் சொன்னது: 'ஆண் மூளை', 'பெண் மூளை' என்று இரண்டு சாதி மூளை கிடையாது, பெரும்பாலோர் மூளை கலப்பு. கலப்பு என்றாலே நம் ஊரில் சிலருக்கு அருவாள் தேடும். என்ன செய்வது, மூளை அப்படித்தான் இருக்கிறது.

சரி, அந்தச் சுழற்றிப் பார்க்கிற திறமையாவது பிறவியா? இதற்குப் பதில் நம் நாட்டிலிருந்தே வந்தது. மேகாலயா பக்கம் காசி மக்களும் கார்பி மக்களும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்கிறார்கள். கார்பியில் சொத்து மகனுக்கு. காசியில் சொத்து கடைசி மகளுக்கு. எட்டு கிராமங்களில் 1279 பேரிடம் நாலு துண்டுப் படப்புதிரைக் கொடுத்துச் சேர்க்கச் சொன்னார்கள். 2011இல் முடிவு வந்தது. கார்பி மக்களில் பெண்களைவிட ஆண்கள் வேகமாக முடித்தார்கள். காசி மக்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் வித்தியாசமே இல்லை. ஒரே மலை, ஒரே சோறு. நிலமும் படிப்பும் யாருக்கு என்பது மட்டும் மாறியது. மூளையின் வேகமும் மாறிவிட்டது. பட்டா யார் பேரில் இருக்கிறது என்று கேட்காமல் புத்தி யாருக்கு அதிகம் என்று கேட்பது மோசடி.

*

இன்னொரு ஆய்வு. இது ஒவ்வொரு தலித் மாணவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டியது.

கர்லா ஹோஃப், பிரியங்கா பாண்டே என்ற இருவர் உத்தரப்பிரதேசக் கிராமங்களில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வழி கண்டுபிடிக்கிற புதிர்களைக் கொடுத்தார்கள். 321 பேர் மேல்சாதி, 321 பேர் தலித். ஒரு புதிர் முடித்தால் இத்தனை காசு. யார் என்ன சாதி என்று சொல்லாமல் வைத்தபோது இரண்டு தரப்பும் ஏறக்குறைய சமம். பிறகு எல்லார் முன்னாலும் பேர், அப்பன் பேர், சாதி எல்லாவற்றையும் சத்தமாக வாசித்துவிட்டு வைத்தார்கள். தலித் பிள்ளைகளின் எண்ணிக்கை சரிந்தது. 2004இல் வெளியானது. அதே பிள்ளை, அதே மூளை, அதே பென்சில். நடுவில் வந்தது சாதிப்பேர் மட்டும். 'உன்னை யாரென்று எங்களுக்குத் தெரியும்' என்று ஒரு குரல் சொன்னால் போதும், கை நடுங்கும். வகுப்பில் உதவித்தொகைப் பேர்களை ஆசிரியர் சத்தமாக வாசித்த நாளில் கணக்கு வராமல் உட்கார்ந்திருந்த நம் எல்லாருக்கும் இதைச் சொல்ல உலக வங்கி தேவையில்லை. இருந்தாலும் எழுதி வைத்தது நல்லது.

ஆனால் இந்த ஆய்வைப் பற்றிப் பேசும்போது நாம் கவனிக்காமல் விடுகிற ஒன்று இருக்கிறது. அந்த 642 பேரும் பையன்கள். பெண் பிள்ளைகளை எடுக்கவில்லை. சாதிப்பேரைக் கேட்டே கை நடுங்குகிறது என்றால், பொழுது விடிந்தால் பொழுது போனால் 'பெண் புத்தி பின் புத்தி' என்று வீட்டிலும் கேட்டு, 'இதுங்களுக்கு எங்க ஏறப்போவுது' என்று பள்ளியிலும் கேட்கிற நம் வீட்டுப் பெண் பிள்ளைக்கு எத்தனை குரல்? வெளியே ஒரு குரல் ஊர்க்காரன் குரல். உள்ளே ஒரு குரல் நம் குரல். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை அவள் கேட்டது அந்த உள்குரலை.

அனிதாவை மறக்க முடியுமா? அரியலூர் மாவட்டம் குழுமூர். மூட்டை தூக்குகிற தொழிலாளியின் மகள். 2017இல் பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176. அதே வருசம் நீட் தேர்வில் 720க்கு 86. ஒரே மூளைக்குச் சில வார இடைவெளியில் இரண்டு எண். ஒரு தராசில் டாக்டர், இன்னொரு தராசில் லாயக்கில்லாதவள். உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய்ப் போராடினாள் அந்தப் பிள்ளை. 2017 செப்டம்பர் 1ஆம் தேதி அவளை இழந்தோம். எந்த எண் உண்மை என்று இன்னும் சிலர் விவாதம் பண்ணுகிறார்கள். தராசை மாற்றியது யார், அந்தப் புதுத் தராசுக்குப் பழக எத்தனை லட்சம் கோச்சிங் காசு வேண்டும் என்ற கேள்வியைத்தான் அனிதா விட்டுப்போனாள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. 2024 பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் தமிழ்நாட்டில் பெண்கள் 96.44 சதவீதம் தேர்ச்சி, ஆண்கள் 92.37. வருசா வருசம் இப்படித்தான். இதைக் காட்டி 'பெண்ணுக்குத்தான் அறிவு அதிகம்' என்று சிலர் எழுதுகிறார்கள். நான் அந்தப் பக்கமும் போகமாட்டேன். தராசே சரியில்லை என்று சொல்லிவிட்டு, நமக்குச் சாதகமாக நிற்கும்போது மட்டும் முள்ளைக் காட்டக்கூடாது. அந்த எண் சொல்வது வேறு. பள்ளிக்கூட வாசலை ஒருமுறை திறந்துவிட்டால் போதும், 'இயற்கை' என்று இத்தனை காலம் சொன்னதெல்லாம் ஒரு தலைமுறையில் காணாமல் போய்விடும். அவ்வளவுதான்.

*

நம் மலையை எடுத்துக்கொள்வோம். ஆலங்காயத்திலிருந்து மேலே ஏறினால் காவலூர். 1968 முதல் அங்கே வானாய்வு நடக்கிறது. யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் இருப்பதை 1977இல் உலகம் கண்டறிந்தபோது அதில் காவலூருக்கும் பங்கு உண்டு. 1986இல் அந்த நிலையத்துக்கு வைணு பாப்பு பேர் வைத்தார்கள். அதை நடத்துவது பெங்களூரில் இருக்கிற இந்திய வானியற்பியல் நிறுவனம். 2019இல் அந்த நிறுவனத்துக்கு முதன்முறையாக ஒரு பெண் இயக்குநரானார், அன்னபூரணி சுப்ரமணியம். அதே நிறுவனத்தில் ஆய்வு மாணவியாக இருந்தவர். காவலூரில் தொலைநோக்கி வைத்து அரை நூற்றாண்டு தாண்டி இது நடந்தது. அதுவரை வானம் பெண்ணுக்குத் தெரியவில்லையா?

தெரிந்துதான் இருந்தது. விண்மீன்களை ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என்று எழுத்து போட்டுப் பிரிக்கிறார்களே, அந்த வரிசையை ஒழுங்குபடுத்தியவர் ஆனி ஜம்ப் கேனன் என்ற பெண். அவருக்கு முன்னால் ஹார்வர்டு வானாய்வகத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களை வகைப்படுத்தியவர் வில்லியமினா ஃபிளெமிங். இவர் யார் தெரியுமா? அந்த ஆய்வகத்தின் இயக்குநர் வீட்டு வேலைக்காரி. புருசன் விட்டுப்போய், வயிற்றில் பிள்ளையோடு, பாத்திரம் துலக்கவும் வீடு கூட்டவும் போனவர். 1881இல் அவரை ஆய்வகத்துக்குள் கூப்பிட்டார்கள். ஒரு வேளை கூப்பிடாமல் விட்டிருந்தால்? கடைசி வரை வேலைக்காரியாகவே செத்திருப்பார். 'வேலைக்காரிக்கு வானியல் எதுக்கு' என்று உலகமும் தலையாட்டியிருக்கும். நம் சேரிகளிலிருந்து வேலூருக்கும் சென்னைக்கும் வீட்டு வேலைக்குப் போன எத்தனை பெண்கள் கூப்பிடப்படாமலே செத்துப்போனார்கள்?

இதே ஜவ்வாது மலையில் புலியூர். அந்த ஊர் ஸ்ரீபதி, மலையாளிப் பழங்குடிப் பெண், 2024இல் தன் 23ஆம் வயதில் உரிமையியல் நீதிபதியாகத் தேர்வானார். ஏலகிரி மலையில் படித்தவர். குழந்தை பெற்ற இரண்டாம் நாள் காரில் சென்னைக்குப் போய்த் தேர்வு எழுதினார் என்று எல்லாப் பத்திரிகையும் எழுதின. எழுதியவர்கள் எல்லாரும் அவருடைய மன உறுதியைப் பாராட்டினார்கள். தாய்மையைப் பாராட்டினார்கள். கணவரின் ஒத்துழைப்பைப் பாராட்டினார்கள். சரிதான். ஆனால் சட்டம் படித்து, தீர்ப்பு எழுதத் தெரிந்து, போட்டியில் ஜெயித்த மூளையைப் பாராட்டியவர் எத்தனை பேர்? பச்சை உடம்புக்காரி தேர்வு எழுதினால்தான் அவளுக்கு அறிவு இருப்பது நம் கண்ணில் படும் என்றால், கோளாறு நம் கண்ணில்.

*

நான் வங்கியில் எழுத்தர். மகளிர் குழுக்கள் பணம் கட்ட வருகிற கவுன்டர் என்னுடையது. தருமபுரியில் 1989இல் ஆரம்பித்த குழுக்கள் இன்றைக்கு எந்த மூலையிலும் உண்டு. ஒருமுறை காலனியிலிருந்து ஒரு அம்மா வந்தார். கையெழுத்து போடவே சிரமப்படுகிறவர். பாஸ்புத்தகத்தை என் முன்னால் வைத்து, "ஆனி மாசம் கட்டன ரெண்டாயிரத்து நானூறு இதுல ஏறல சார்" என்றார். கணினியைப் பார்த்துவிட்டு, அந்த மாதம் நீங்கள் கட்டவே இல்லை என்றேன். அந்த அம்மா குரலை உயர்த்தவில்லை. "அன்னிக்கு மழ. சந்த கூடல. நீங்க ஊதா சட்ட போட்டிருந்தீங்க. ஐநூறு நாலு, நூறு நாலு. ஒரு நூறு ரூவா நோட்டு கிழிஞ்சிருக்குதுன்னு மாத்தித் தரச் சொன்னீங்க. எனக்கு முன்னாடி நின்னது மேட்டுத் தெரு குழு. அவங்க குழுவுக்கும் எங்க பேருதான். அதுல பாருங்க" என்றார். பார்த்தேன். அதில்தான் இருந்தது. தப்பு என்னுடையது.

அன்றைக்குச் சாயங்காலம் நண்பர்களிடம் சொன்னேன்: "படிக்காத அம்மா, என்னா ஞாபகசக்தி!" இதைச் சொன்ன என் வாயை இப்போது திருப்பிப் பார்க்கிறேன். அந்த அம்மா செய்தது ஞாபகம் மட்டுமா? என்ன நடந்திருக்கும் என்று ஊகித்தார். ஒரே பேரில் இரண்டு குழு, அடுத்தடுத்து நின்றது, எழுத்தர் கவனம் சிதறியது என்று காரணத்தைக் கோர்த்தார். எங்கே தேடினால் கிடைக்கும் என்று சொன்னார். ஒரு ஆண் காண்ட்ராக்டர் இதைச் செய்திருந்தால் 'விவரமான ஆளு', 'மூளைக்காரன்' என்றிருப்பேன். அந்த அம்மாவுக்கு மட்டும் 'ஞாபகசக்தி'.

இதுதான் தோழர்களே விசயம். பெண்ணிடம் அறிவு இருந்தால் அதற்கு நாம் வேறு பேர் வைத்துவிடுகிறோம். ஞாபகம், கைப்பக்குவம், அனுபவம், சாமர்த்தியம். கொஞ்சம் எதிர்த்துப் பேசினால் வாயாடி. ஊர்க்காரன் நமக்கு இதைத்தானே செய்தான்? ஆவாரம்பட்டையும் கடுக்காயும் எந்த அளவில் எத்தனை நாள் ஊறினால் தோல் பதமாகும் என்பது ரசாயனம். வாணியம்பாடி, ஆம்பூர்த் தோலெல்லாம் அந்த அறிவில் விளைந்தது. ஆனால் அந்த அறிவு படைத்தவனுக்குக் கிடைத்த பேர் தீட்டு. எந்தத் தாளத்துக்கு எத்தனை சூடு காட்ட வேண்டும் என்று தெரிந்து பறை காய்ச்சுகிறவனுக்குப் 'பிறவித் திறமை', 'ரத்தத்தில் ஊறியது' என்ற பேர். யோசித்துச் செய்தான் என்று மட்டும் சொல்லமாட்டார்கள். அறிவைக் கையின் பேரிலும் ரத்தத்தின் பேரிலும் எழுதிவிட்டால் மூளையின் பட்டா அவனிடமே இருக்கும். சேரியில் பிள்ளைப்பேறு பார்த்த கிழவிகளுக்கு நாம் செய்ததும் அதே பேர் மாற்றம்.

நான் கவிதை எழுதுகிறவன். இதில் என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். அம்மாவைப் பற்றி ஏழெட்டு கவிதை எழுதியிருக்கிறேன். எல்லாவற்றிலும் அம்மா நாற்று நடுகிறாள், விறகு சுமக்கிறாள், பீடி சுற்றுகிறாள், அழுகிறாள், பட்டினி கிடக்கிறாள். ஒரு கவிதையில்கூட அம்மா யோசிக்கவில்லை. மண், வேர், நெருப்பு, வியர்வை என்று என்னவெல்லாமோ ஆக்கிவிட்டேன், சிந்திக்கிற ஆள் ஆக்கவில்லை. தலித் ஆண் கவிஞர்கள் நாம் பலரும் இதைத்தான் செய்தோம். 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்து, 1994இல் 'சங்கதி' வந்த பிறகுதான் சேரிப் பெண்கள் தர்க்கம் பண்ணுவதும், கேலி பண்ணுவதும், சாதியையும் புருசனையும் ஒரே மூச்சில் பகுத்துப் பார்ப்பதும் அச்சில் ஏறியது. நாம் சிலையாக்கி வைத்திருந்தவர்கள் வாய் திறந்தார்கள்.

*

இரண்டு ஆட்சேபணை வரும். எனக்குத் தெரியும்.

ஒன்று: 'முதல்ல சாதி ஒழியட்டும், பெண் பிரச்சினை அப்புறம்.' இதைச் சொல்கிறவர்கள் அண்ணல் 1916இல் கொலம்பியாவில் வாசித்த சாதி பற்றிய கட்டுரையை எடுத்துப் படிக்கட்டும். சாதி எப்படி உயிர் வாழ்கிறது என்று அவர் காட்டுகிற இடம் எது? உடன்கட்டை, கைம்மை, குழந்தை மணம். மூன்றும் பெண்ணைப் பூட்டி வைக்கிற பூட்டு. பெண்ணைக் காவலில் வைத்தால்தான் அகமணம், அகமணம் இருந்தால்தான் சாதி. பெண்ணுக்குத் தானாக முடிவெடுக்கிற புத்தி கிடையாது என்ற பொய் இல்லாமல் இந்தப் பூட்டு பூட்டாது. ஆகவே 'பெண்ணுக்கு அறிவு கம்மி' என்பது சாதிக்கு வெளியே இருக்கிற தனிக் கதை இல்லை. அது சாதியின் அஸ்திவாரக் கல். அதை நம் வீட்டில் வைத்துக்கொண்டு ஊர்க்காரன் வீட்டை இடிக்கப் போகமுடியாது.

இரண்டு: 'அப்படீன்னா நம்ம இயக்கத்துல பெண் சிந்தனையாளர்கள் ஏன் இல்ல?' இருந்தார்கள். 1855இல் பூனாவில், ஜோதிபா பூலே, சாவித்திரிபாய் பள்ளியில் படித்த முக்தாபாய் என்ற மாங் சாதிச் சிறுமி, பதினாலு வயதில், மாங், மகர் மக்களின் துயரத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினாள். வேதம் பார்ப்பனருடையது என்றால் எங்கள் மதம் எது என்ற கேள்வியை நேராகக் கேட்டாள். அண்ணல் பிறப்பதற்கு 36 வருசம் முன்னால். மூன்று வருசம் படித்த பிள்ளை அவள். மூன்று வருசத்துக்கு அந்தக் கட்டுரை என்றால் முப்பது வருசத்துக்கு என்ன? அதற்கப்புறம் அவள் என்ன எழுதினாள் என்று தேடினால் கையில் அகப்படுவதில்லை. கேள்வியை ஏன் இல்லை என்று கேட்காதீர்கள். எங்கே போனார்கள் என்று கேளுங்கள்.

எங்கே போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். நம் தோழர் ஒருவர் வாரத்துக்கு ஒரு புத்தகம் படிக்கிறார். அவர் மனைவி விடிகாலை எழுந்து தண்ணீர் பிடித்து, சோறாக்கி, பஸ் பிடித்து ஷூ கம்பெனிக்குப் போய், இருட்டின பிறகு வந்து, திரும்பவும் சோறாக்குகிறார். அவர் படிக்கிற அந்த இரண்டு மணி நேரம் யாருடையது? அவருடைய சிந்தனை அவர் மனைவியின் நேரத்தில் நடக்கிறது. அப்புறம் கூட்டத்துக்கு வந்து 'பொம்பளைங்களுக்குத் தத்துவத்துல நாட்டமில்ல' என்கிறார். பண்ணையாரும் இப்படித்தான் சொன்னார்: 'இவனுங்களுக்குப் படிப்புல நாட்டமில்ல.'

*

வெறும் தத்துவம் பேசிவிட்டுப் போகவேண்டாம். எங்கள் வட்டத்துக்கு நான் வைக்கப்போகிற தீர்மானங்கள் இவை. உங்கள் ஊரிலும் பொருந்தினால் எடுத்துக்கொள்ளுங்கள்.

கூட்டத்தன்று சமைப்பதும் பரிமாறுவதும் முறை போட்டு நடக்கட்டும். முதல் ஆறு மாதம் முறை ஆண்களுடையது. கூட்டம் பெண்கள் வரமுடிகிற நேரத்தில் வைக்கப்படட்டும். ஷூ கம்பெனிக்கு விடுமுறை எந்த நாள், பீடி இலை கொடுக்கிற நாள் எது என்று கேட்டுவிட்டுத் தேதி குறிக்கலாம். பெண்கள் உட்காரும் இடம் தாழ்வாரம் இல்லை, பாய். நூலை அறிமுகம் செய்து பேசுவதில் ஒரு மாதம் ஆண், ஒரு மாதம் பெண். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டவேண்டியது படித்தவர் பொறுப்பு. அவர்கள் சொல்கிற கருத்தை, 'அனுபவம்' என்று ஓரத்தில் எழுதாமல், கருத்து என்றே நோட்டில் எழுத வேண்டியதும் படித்தவர் பொறுப்பு. கடைசியாக, 'அது விஞ்ஞானம்' என்று யார் எழுந்து சொன்னாலும், யார் அளந்தது, எதை அளந்தது, யாருக்காக அளந்தது என்ற மூன்று கேள்விக்குப் பதில் சொல்லாமல் உட்காரக்கூடாது. மூத்த தோழருக்கும் இது பொருந்தும். எனக்கும் பொருந்தும்.

அந்தக் கல்லூரிப் பெண்ணை இரண்டு வாரம் கழித்துப் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். அன்றைக்குப் பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன், எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன். சிரித்தாள். "எழுதுங்கண்ணா. ஆனா அந்தப் பையனுக்கு நானே பதில் சொல்லிட்டேன்" என்றாள். என்ன சொன்னாய் என்று கேட்பதற்குள் பஸ் வந்துவிட்டது.

அடுத்த கூட்டத்தில் நூலை அறிமுகம் செய்யும்படி அவளைக் கேட்டிருக்கிறோம். சோறு என் பொறுப்பு.